இலவசமாக வெளுத்த முகம்

வெள்ளைக்காரர்கள் ஆண்ட அந்தக் காலத்து லியோபோல்ட்வில்லில் என் ஸ்டூடியோவுக்கு வந்த யாரும் சொந்த நிறத்தோடு திரும்பிப் போனதில்லை. நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் மெல்ல இழைப்பேன். படத்தில் ஆள் நன்றாக வெளுத்துவிடுவார். அதற்குத் தனிக் கூலி கிடையாது, கேட்கவும் வேண்டாம். வெள்ளைக்காரர்கள் எங்கள் பேட்டைப் பக்கம் வராவிட்டாலும், அவர்கள் நிறம் என் கடையில் நன்றாக ஓடியது.

குமாஸ்தா இகோகோவின் படத்தையும் அப்படித்தான் இழைத்தேன். அது ஆற்றின் மேல்புறத்தில் இருந்த பெண் வீட்டுக்குப் போனது. பெண் பொலும்புவுக்குப் பிடித்துப்போக, தாய்மாமனோடு கப்பலேறிவிட்டாள். அவள் இறங்குவதைப் படம் எடுக்க நானும் துறைக்குப் போயிருந்தேன்.

மாமன் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், எதிரே நின்ற இகோகோவைப் பார்த்தார்.

"இதுல இருக்கிறது யாரு? உன் அண்ணனா?"

"நான்தான் மாமா."

"நீயா? யாரை ஏமாத்தப் பாக்குற? வாம்மா, இதே கப்பல்ல திரும்பிடுவோம்."

பொலும்பு நகரவில்லை. "கறுப்பா இருக்கிறது எனக்கு ஒண்ணுமில்ல மாமா. சொந்த மூஞ்சிக்கே வெக்கப்படுறவரு, நாளைக்கு எம்புள்ள மூஞ்சியை எப்படிப் பாப்பாரு?" அவனிடம் திரும்பினாள். "நீங்கதான் இப்படிப் போடச் சொன்னீங்களா?"

ஆமாம் என்றால் கல்யாணம் போச்சு. இகோகோ என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தலைகுனிந்தான். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் என் வாடிக்கைக்காரர்கள். என் மானம் போனால் போகட்டும்.

"அவர் கேக்கலம்மா. நானா போட்டது. எல்லாருக்கும் போடுவேன்."

"எங்க மூஞ்சியில அப்படி என்ன குறையைக் கண்டீங்க?"

நான் தோளிலிருந்த கேமராவை இறக்கினேன்.

"சரி, இப்ப எடுங்க. பென்சிலைத் தொட்டீங்க, கையை உடைச்சிடுவேன்." மாமனே சிரித்துவிட்டார்.

இருவரையும் கொட்டகை நிழலில் நிறுத்தினேன். பின்னால் வெயிலில், வெள்ளைச் சீருடை போட்ட வெள்ளைக்காரத் துறை அதிகாரி, "வழியை விடுங்கடா" என்று கத்திக்கொண்டு வந்து நின்றார். நான் அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்த இரண்டு கறுத்த முகங்களுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவையும் கேமராவுக்குள் விட்டேன்.

கழுவி எடுத்தபோது இகோகோவின் தாடைத் தழும்பும் பொலும்புவின் நெற்றியில் குல அடையாளமாக இட்ட கீறல்களும் அத்தனை தெளிவு. படம் வாங்க வந்த பொலும்பு உற்றுப் பார்த்தாள். பின்னால், வெயிலில் முழுக்க வெளுத்துப்போன இடத்தில், ஒரு இடுப்பு வாரும் பூட்சும் மட்டும் நின்றிருந்தன.

"அந்தத் துரை எங்க?"

"உங்க ரெண்டு பேரும் தெரியணும்னா அவர் தெரியமாட்டார்ம்மா."

"அப்போ பெரிசாப் போட்டுக் குடுங்க," என்றாள். "வாசலுக்கு நேரா மாட்டணும்."