பின்னால் வருகிறவர்

வேலைக்குக் கிளம்புமுன் அவர் கடைசியாகச் செய்த காரியம், மகளின் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தது.

"காத்து இருக்கு மேடம். சாயங்காலம் போலாம்."

"மழை வந்தா?" என்றாள் சிட்டு.

"நனைவோம்."

"நனைஞ்சுட்டு வந்தா ரெண்டு பேரும் வாசல்லயே நில்லுங்க. தரையை இப்பத்தான் துடைச்சேன்" என்று சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். கணவனிடம் அவள் கடைசியாகப் பேசியது தரையைப் பற்றி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று மதியம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவளை உட்காரவைத்துக் காரணம் சொன்னார்கள். "சைக்கிள், சைக்கிள்னு அலைஞ்சாரே, நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் ஒரு சித்தி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவளுக்கே வைத்தியம் சொன்னார்கள். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். அவள் பொறுமையைப் பதம் பார்த்தவர் கேப்டன்தான்.

கேப்டன், கணவர் இருந்த சைக்கிள் குழுவின் தலைவர். வாரநாளில் வங்கி அதிகாரி, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் படைத்தளபதி. அவர் ஒருநாள் சிட்டு உயரத்துக்கு ஒரு பந்தய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கத்தி மாதிரி டயர், ஷூவைக் கவ்விப் பிடிக்கிற பெடல், கைப்பிடியில் வேகம் காட்டும் மீட்டர்.

"சிஸ்டர், அவர் ஞாபகமா ஒரு ரேஸ் நடத்தறோம். பாப்பா ஓட்டணும். மகளைச் சாம்பியனாக்கணும்கிறது அவரோட கனவு."

அப்படியொரு கனவை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் சாவு விழுந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடிவிடுகிறது. ஆட்டிவிட்டாள்.

மகளைச் சாலைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தபோது கணவர் முதலில் செய்தது, தன் சைக்கிளிலிருந்த மீட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுதான். மகள் முன்னால், அவர் பின்னால். எந்தச் சந்தில் நுழைவது, எங்கே திரும்புவது எல்லாம் மேடம் உத்தரவு. நாலு தெரு தாண்டியதும் மேடத்துக்கு அலுத்துவிட்டால் ஊர்வலம் அங்கேயே முடிந்தது. தாகம் என்றால் ஓரமாக நிறுத்தி, மேடம் குடித்து முடிக்கிற வரைக்கும் பின்னால் காத்திருப்பார்.

குழுவாக ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் சாலையில் கண்டதைச் சத்தமாகச் சொல்ல, பின்னால் வருகிறவர் அதைத் திருப்பிச் சொல்லி அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். பள்ளம், ஜல்லி, கண்ணாடிச் சில்லு. அவர் அதைச் சிட்டுவுக்கு விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்தார். அவள் சும்மா இருப்பாளா? "பள்ளம்!" என்று ஆரம்பித்து, "தூங்கற நாய்!" "சண்டை போடற அங்கிள்!" "மாடியில ஜட்டி காயுது!" என்று தெருவையே ஒப்பிப்பாள். அவரும் பின்னால் பயபக்தியோடு, "ஜட்டி காயுது!" என்பார். மானம் போகிறது என்று மனைவி ஜன்னலைச் சாத்தியதுண்டு.

கேப்டனின் பயிற்சிக்குப் போகத் தொடங்கியதும் சிட்டு வீட்டுக்கு வந்து முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். சிக்னலில் பெடலிலிருந்து ஷூ கழலாமல் சைக்கிளோடு சாய்ந்திருக்கிறாள். "பிடிக்கலேன்னா விட்டுடேன்டி" என்று தாய் சொன்னால், "அப்பாவுக்கு அதானே ஆசை?" என்று கேட்டாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை தாய் மருந்துக்கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கேப்டனின் காரில் ஏறிக்கொண்டாள். சைக்கிள்கள் முன்னால், கார் பின்னால். கேப்டன் கையில் ஒலிபெருக்கி. புறவழிச்சாலை ஆளரவமில்லாமல் நீண்டது. பெரியவர்கள் வரிசைக்கு நடுவில் சிட்டு குனிந்த தலையோடு மிதித்தாள். ஒரு வளைவில் அவளையும் மீறி வாய் திறந்துகொண்டது.

"ஒத்தைச் செருப்பு!"

பின்னால் வந்தவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பேச்சு வேணாம்! மீட்டரைப் பாரு!" என்று அலறியது ஒலிபெருக்கி. "அப்பா மேலேருந்து பாத்துட்டிருக்கார்! மிதி!"

சிட்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்ததில் தாய்க்கு ரத்தம் கொதித்தது.

"காரை நிறுத்துங்க."

"சிஸ்டர், இன்னும் கொஞ்ச தூரம்தான்..."

"நிறுத்துங்கன்னு சொன்னேன். நான் உங்க சிஸ்டரும் இல்ல."

கதவைத் திறந்து இறங்கி, ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து பிடுங்கி, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வரிசை முழுக்க நின்றுவிட்டது.

"ஏங்க, அவரை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்? அவரு ஒரு ரேஸாவது ஓட்டியிருக்காரா? செத்த மனுஷனுக்குக் கனவு தெச்சு மாட்டி விட்டுட்டீங்களே, அவரு வந்து மறுக்க மாட்டாருங்கற தைரியமா?"

"பாப்பாகிட்ட திறமை இருக்கும்மா. வீணாப் போயிடக்கூடாதேன்னுதான்..."

"போகட்டும். தாராளமா வீணாப் போகட்டும். என் புருஷன் மேலேருந்து பாக்கறாராம்! அவரு ஒருநாளும் அவளை மேலேருந்து பாத்ததில்ல. பின்னாலேருந்துதான் பாத்தாரு. சின்னப்புள்ளயை மிரட்ட அவரைக் கூப்பிடாதீங்க."

கேப்டன் ஹெல்மெட் போட்ட ஓட்டிகளைப் பார்த்தார். அவர்கள் தங்கள் சைக்கிள் சங்கிலியைப் பார்த்தார்கள். புது சைக்கிளைக் காரின்மேல் அவளே தூக்கிச் சாய்த்துவிட்டு, மகளை நடத்திக்கொண்டு சாலையோரமாகத் திரும்பினாள். ஷூவின் அடியிலிருந்த தகடு டொக் டொக்கென்றது.

"எல்லாரும் கோவிச்சுப்பாங்களாம்மா?"

"கோவிச்சுக்கட்டும்."

"அப்பா?"

"அப்பா எப்படி ஓட்டச் சொன்னாருன்னு உனக்குத் தெரியாதா? உன்னைவிட அந்தக் கேப்டனுக்கா தெரியும்?"

சிட்டு யோசித்தாள். பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள்.

அவர்கள் இல்லாமலே நினைவுப் பந்தயம் நடந்தது. பேனரில் அவர் படம், அடியில் 'ஒரு தந்தையின் கனவு'. அந்தத் தெரு வழியாகத்தான் அவள் கடைக்குப் போகவேண்டும். வெயிலில் வெளுத்து அது கிழிகிற வரைக்கும், கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

சிட்டு பழைய சைக்கிளை அவளாகவே ஒருநாள் வெளியே எடுத்தாள். அப்புறம் வளர்ந்து, பெரிய சைக்கிள் வாங்கி, தோழிகளோடு ஊர் எல்லை தாண்டியும் போய்வருகிறாள். தெரிந்தவர்கள் அவள் வேகத்தைப் புகழ்கிறார்கள். ஆனால் பந்தயக்காரர்கள் மாதிரி மிதித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கமட்டும் அவளுக்கு அன்றும் வராது, இன்றும் வராது. தாகம் எடுத்தால் ஓரமாக நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, எத்தனை பேர் தாண்டிப் போனாலும் குடித்து முடித்த பிறகுதான் கிளம்புவாள்.