மாத்தூர் மூட்டைகள்

ராயபுரம் கல்மண்டபத்தில் ஜஹாங்கீர் பாயின் மளிகைக்கடைக்குள் நுழைந்தபோது ரமாபாயின் நினைப்பெல்லாம் டீயில்தான் இருந்தது. இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டால் டீ. தன் கையே தன்னைக் காட்டிக் கொடுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மாநகராட்சித் துப்புரவு வேலையில் அவள் தினக்கூலி. மெல்லிசு பிளாஸ்டிக் கவர் கொடுக்கக்கூடாது என்று புதுச் சட்டம் வந்த பிறகு, தெரு கூட்டுகிறவர்களில் சிலரைப் பிரித்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் லோகநாதனோடு கடை கடையாக அனுப்பியிருந்தார்கள். இருபது மைக்ரானுக்குக் குறைந்த கவர் எங்கே கிடந்தாலும் பறிமுதல். மைக்ரான் என்றால் இன்னா சார் என்று கூட வேலை பார்க்கும் ஹெப்சிபா கேட்டதற்கு, அது உனக்கு வேணாம், கவருக்குள் விரலை விட்டால் ரேகை வரைக்கும் தெரிகிறதா, அது மெல்லிசு, எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார் லோகநாதன்.

பாய் தன் கடையில் கவரே இல்லை என்று சத்தியம் செய்தார். ஹெப்சிபா பொரி மூட்டையை நகர்த்தியதும் பின்னாலிருந்து இரண்டு கட்டு வந்தது. மஞ்சள் கயிறு போட்டு இறுக்கிய கட்டு. ஒன்றைப் பிரித்தால்தான் அளவு கருவியில் வைத்துப் பார்க்க முடியும். ஹெப்சிபா வெளியே தொங்கிய முனையைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது. நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள், பாயிடம் கத்தி கேட்டாள். தராசுக்குப் பக்கத்திலேயே கத்தியை வைத்துக்கொண்டு கத்தி இல்லைம்மா என்றார் பாய்.

"இப்டி குடு" என்று வாங்கினாள் ரமாபாய். கட்டைவிரலை முடிச்சுக்கு அடியில் விட்டு, கயிற்றுக்குக் கீழே செருகிக் கிடந்த குட்டை முனையை ஒரே இழுப்பு. கயிறு மொத்தமும் தளர்ந்து தரையில் விழுந்தது.

பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்கு உறைத்தது.

அது ஹார்பர் கட்டு. கிரேனில் தொங்கும்போது அவிழக்கூடாது, கீழே இறங்கியதும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அவள் புருஷன் வேலப்பன் ஹார்பரில் மூட்டை தூக்கிய காலம் முழுக்க அதைத்தான் கட்டினான். வீட்டில் அரிசி மூட்டையையும் அப்படித்தான் கட்டுவான். தினமும் உலை வைக்கும்போது அதை அவிழ்க்கிற கை, இன்றைக்கு அவளை ஒரு வார்த்தை கேட்காமலே அவிழ்த்துவிட்டது.

லோகநாதன் அவள் கையைப் பார்த்துவிட்டுக் கருவியை எடுத்தார். கவரை அளந்தார், எழுதினார், பாயிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த கடையில் கட்டு கிடைத்ததும் அதை ஹெப்சிபாவிடம் கொடுக்காமல் நேராக ரமாபாயின் கையில் வைத்தார்.

அதே மஞ்சள் கயிறு. அதே முடிச்சு. அவள் நகத்தால் சுரண்டினாள், புரட்டிப் பார்த்தாள், முடியலை சார் என்றாள்.

"வெளிய தொங்குற முனைய எல்லாரும் ஒரு தடவையாவது இழுத்துப் பாப்பாங்க" என்றார் லோகநாதன் மெதுவாக. "நீ அதத் தொடவே இல்லையே, ரமாபாய்."

டீக்கடையில் மற்றவர்களை விட்டுத் தள்ளி நின்று அவளைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். வாராவாரம் கடைக்காரனைப் பிடிக்கிறோம், மறுவாரம் புதுசு வருகிறது, எல்லாக் கட்டிலும் ஒரே முடிச்சு, எனக்குக் கடை வேண்டாம், கவர் ஓட்டுகிற மிசின் வேண்டும் என்றார். ராயபுரத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கட்டு தெரியும் சார், ஹார்பர் ஆளுங்க எத்தனை பேர் என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

"உன் வீட்டுக்காரரும் ஹார்பர் ஆள்தானே. இப்ப எங்க வேலை?"

அவள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, இப்ப சொல்ல வேணாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நீயா கூட்டிட்டுப் போய்க் காட்டினா, மொதல் தடவைன்னு நோட்டீஸ் குடுப்பேன். கவரத் தடிமனா ஓட்டுங்கன்னு சொல்லிட்டு வந்துருவேன். பதுக்கி வெச்சு நானா தேடிக் கண்டுபிடிச்சேன்னு வை, கரண்ட்ட நிறுத்தி சீல் வைக்கிறதத் தவிர என் கையில ஒண்ணும் இல்ல. காலைல சொல்லு."

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியாசர்பாடி வரைக்கும் அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். வேலப்பனுக்கு இந்த வேலையும் போனால் அவன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான்.

ஹார்பருக்குக் கண்டெய்னர் வந்து மூட்டைக்கு ஆள் தேவையில்லை என்று ஆனபோது அப்படித்தான் படுத்தான். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை, பேசவே இல்லை. சோறு வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. தாடி வளர்ந்தது. ராத்திரியில் மூச்சு வருகிறதா என்று அவள் எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு. பழைய கூட்டாளி பென்னிதான் அவனை இழுத்துக்கொண்டு போய் மாத்தூரில் ராசையாவின் கவர் கம்பெனியில் சேர்த்துவிட்டான். கம்பெனி என்றால் தகரக் கொட்டகை, ஒரு மிசின், ஏழெட்டு ஆட்கள். பிளாஸ்டிக் குருணையைப் போட்டால் உருகி, பெரிய பலூனாக மேலே ஊதிக்கொண்டு போகும். அதை உருளை வேகமாக இழுத்தால் மெல்லிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். கொஞ்ச நாளில் அந்த உருளை வேலப்பன் கைக்கு வந்தது, கவரைக் கட்டுப் போடுகிற வேலையும். அவன் மறுபடியும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்தான்.

அவன் ஓட்டுவது மெல்லிசு என்று தெரிந்தபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போன மழைக்கு அவர்கள் குடியிருப்பின் முன்னால் கால்வாய் அடைத்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. அடைப்பெடுக்க அவளைத்தான் இறக்கினார்கள். கை கையாக கவரை வாரி வெளியே போட்டாள். நாற்றம் ஒரு வாரம் நகத்தை விட்டுப் போகவில்லை. அப்போதும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து நடக்கிறானே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

வேலப்பன் காலை ஷிப்டு முடிந்து வீட்டில்தான் இருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். முடிச்சைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பு வந்து பாதியிலேயே செத்தது.

"தடிமனா ஓட்டுனா எவன் வாங்குவான்? கடக்காரன் ஓசில குடுக்குற கவரு. மெல்லிசா இருந்தாத்தான் வாங்குவான்."

அவள், சீல் வைத்தால் மட்டும் எவன் வாங்குவான் என்று கேட்டாள். கால்வாயில் வருவது என் கவரு மட்டும்தானா, ஊரில் இருக்கிற மற்ற மிசினையெல்லாம் உன் சாரு பிடித்துவிட்டாரா என்று அவன் திருப்பிக் கேட்டான். முதலாளிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனான்.

போனவன் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தான். நடந்து வரவில்லை. பென்னியின் மோட்டார் வைத்த மீன்பாடி வண்டி படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது. வண்டி நிறைய மூட்டை, மேலே தார்ப்பாய். மூட்டைகளின் மேல் வேலப்பன் உட்கார்ந்திருந்தான். மாடிப்படியில் தண்ணீருக்குக் குடம் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொட்டகையில் இருந்த மெல்லிசு அத்தனையையும் ராசையா வெளியேற்றச் சொல்லிவிட்டார். ரெண்டு நாள் உன் வீட்டில் கிடக்கட்டும், கார்ப்பரேஷன்காரி வீட்டை எவன் சோதனை போடுவான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலப்பன் இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ரமாபாய் வாசற்படியில் இறங்கி, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள்.

"எறக்காத."

"ரெண்டே நாளுமே. அப்பால நானே எட்துனு பூடுறேன்."

"எறக்காதன்னு சொன்னேன்."

"கத்தாத. பாக்குறாங்க பாரு."

"பாக்கட்டும். நாளைக்கு இது இங்க கீதுன்னு தெரிஞ்சா யார கேப்பாங்க? உன்ன கேக்க மாட்டாங்க, உன் மொதலாளிய கேக்க மாட்டாங்க. கார்ப்பரேஷன் கோட்டு மாட்டிக்கினு கட கடயா ஏறி எறங்கினது நானு. என்னத்தான் கேப்பாங்க."

வேலப்பன் ஒரு மூட்டையைத் தோளுக்கு ஏற்றிவிட்டான். அப்படியே அவள் முன்னால் வந்து நின்றான். அவள் நகரவில்லை. ஒரு முழ தூரம்தான் இடையில். அவன் ஒரு தோளால் தள்ளினால் கதவு திறந்துகொள்ளும். மாடிப்படியில் பேச்சு நின்றுவிட்டது. மேல்வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"இத்த உள்ள வெக்கலன்னா எனக்கு வேல இல்ல ரமா. அவுரு அப்டித்தான் சொன்னாரு." மூட்டையை மறு தோளுக்கு மாற்றினான். "மறுபடியும் அந்த மாரி என்னால கெடக்க முடியாது."

அவன் அந்த நாட்களைப் பற்றி வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. நகர்ந்துவிடலாம் என்றுதான் அந்த நேரம் ரமாபாய்க்குத் தோன்றியது. கால்கூட ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"அவுரு வூடு எம்மாம் பெருசு?"

"இன்னா?"

"திருவொத்தியூர்ல மாடி வூடுன்னு சொன்னியே. கீழ கார் நிக்குது, மேல மூணு ரூம்பு கீது, வாடகைக்கு வுடாம பூட்டி வெச்சிக்கிறாருன்னு சொன்னியே. அதுல இந்த மூட்டைக்கு எடம் இல்லியா? இந்த ஒத்த ரூம்புலதான் எடம் கீதா?"

பென்னி வண்டியின் ஹேண்டில் மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான்.

"மாமு, அக்கா கேக்குறது கரீட்டு. நான் வழியெல்லாம் அத்தத்தான் யோசிச்சினு வந்தேன். உன்னாண்ட சொன்னா கோச்சுக்குவன்னு வுட்டுட்டேன்."

வேலப்பன் மூட்டையோடு நின்றான். பிறகு திரும்பிப் போய் மூட்டையை வண்டியில் போட்டான். தார்ப்பாயை இழுத்து மூடினான்.

"ஏறு" என்றான்.

பென்னியிடம் சொல்கிறான் என்று நினைத்தாள். பென்னி ஏற்கெனவே வண்டியில்தான் இருந்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் மூட்டை மேல் ஏறினாள்.

தண்டையார்பேட்டை தாண்டி திருவொற்றியூர் ஹைரோடில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பென்னி சந்து சந்தாக நுழைந்து வண்டியை ஓட்டினான். போலீஸ் ஒருவர் கை காட்டியபோது ரமாபாய் தார்ப்பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மீன் வண்டிதான் என்று நினைத்தாரோ என்னவோ, மூக்கைச் சுளித்துப் போகச் சொல்லிவிட்டார்.

ராசையா வீட்டு கேட்டை வேலப்பனே திறந்தான். முதல் மூட்டையை காருக்குப் பக்கத்தில் இறக்கும்போது ராசையா லுங்கியோடு வெளியே வந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் படியிலிருந்து ஓடி இறங்கி வந்து கேட்டைச் சாத்தப் பார்த்தார். பைத்தியமாடா உனக்கு, பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தால் என்ன ஆகும், பசங்க உள்ளே படிக்கிறாங்க, எடுத்துக்கொண்டு போ, எங்கேயாவது போடு, கொசஸ்தலை ஆற்றில் போடு என்று குரலை அடக்கி அடக்கிப் பேசினார். வேலப்பன் காதில் விழாத மாதிரி இரண்டாவது மூட்டையை இறக்கினான். மூன்றாவதை ரமாபாய் ஒரு பக்கம் பிடித்தாள்.

ராசையா அவளைப் பார்த்து, ஏம்மா நீயாவது சொல்லக்கூடாதா என்றார். அவள் மூட்டையைக் காரோரம் தள்ளினாள். பேச வேண்டியவன் வேறு ஆள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

வேலப்பன் கடைசி மூட்டையை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினான்.

"உங்க வூட்ல வெக்க முடியாத சரக்க என் வூட்ல எப்டி சார் வெக்கிறது?"

"நாளைலேர்ந்து நீ வேலைக்கு வராத."

"வராம எப்டி. உருள யாரு புடிப்பா? நீங்களா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் யாருங்க என்று கேட்டது. ராசையா அவசரமாக தார்ப்பாயைக் கேட்டு வாங்கி மூட்டைகளின் மேல் போர்த்தினார். அது என் தார்ப்பாய் சார் என்று பென்னி முனகினான். யாரும் காதில் வாங்கவில்லை.

பென்னி அவர்களை எல்லையம்மன் கோயில் பக்கம் இறக்கிவிட்டுக் காசிமேட்டுக்குப் போனான். பஸ் வருகிற வழியாகத் தெரியவில்லை. இருவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். கடல் காற்றில் புழுதி கண்ணில் அடித்தது. வேலப்பன் முன்னால், அவள் ஓரடி பின்னால். இவன் போய்ப் படுத்தால் எழுந்திருப்பானா என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

பெட்டிக்கடை ஒன்றின் முன்னால் அவன் நின்றான்.

"காலைல உன் சாரு கேட்டா இன்னா சொல்லுவ?"

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"மாத்தூருன்னு சொல்லுவேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பெட்டிக்கடைக்காரன் யாருக்கோ இரண்டு வாழைப்பழத்தைக் கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். வேலப்பன் அதைப் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"காலங்காத்தால கூட்டினு வந்துடாத" என்றான். "மிசினு சூடேற நேரமாவும். ஆறிப்போன மிசின பாத்தா பூட்டத்தான் தோணும் அவுருக்கு. கொஞ்சம் வெயில் ஏறட்டும். நான் முன்னாலயே போய் மூட்டி, உருளய மெதுவா வுட்டு, தடிமனா ஓட்டிக்கினு நிப்பேன். அப்ப கூட்டினு வா."

"உன் மொதலாளி உள்ள வுடலன்னா?"

"வெளிய நிப்பேன். நீ வர்ற வரிக்கும் நிப்பேன்."

அவள் ஓரடி முன்னால் எடுத்து வைத்து அவனுக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தாள்.