வங்கிக்கு வந்த அமீனா

நோரீன் ஸ்கேஃப் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது கூடத்து ரேடியேட்டர் மேல் கடிதங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மாடிப்படிக் கைப்பிடியில் இன்னும் ஒரு வரிசை. துணி காயப்போடும் மடக்குச் சட்டத்தில் அவளுடைய சமையல் அங்கிக்கும் பேரியின் காலுறைகளுக்கும் நடுவே வங்கி முத்திரை போட்ட காகிதங்கள் கிளிப் மாட்டித் தொங்கின. அவள் கணவன் பேரி உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை இடுப்பில் துண்டால் கட்டிக்கொண்டு, ஈரமான ஓர் உறையை வெண்ணெய்க் கத்தியால் மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

காலையில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சில்லென்று எதையாவது வைக்கலாம் என்று ஃப்ரீசரைத் திறந்திருக்கிறான். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவன் ஃப்ரீசரைத் திறந்ததே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் நோரீன் மூன்று வருடமாக வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் பட்டாணிக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

"ஐஸ் கீஸ் இருக்குமான்னு பாத்தேன்," என்றான் பேரி. "வங்கிதான் இருந்துச்சு."

நோரீன் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். ஹல் நகரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சமையற்காரி அவள். கரண்டியை உயர்த்திப் பிடித்தால் போதும், இருநூற்று நாற்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் ஜன்னல் வைத்த வெள்ளை உறை ஒன்று வாசல் பாயில் விழுந்தால் பிரிக்காமலே ஒளித்துவைப்பாள். பேரி கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. ஓவனிலும் ஏதாவது வைத்திருக்கிறாளா, அடுப்பைப் பற்றவைக்குமுன் தெரிந்துகொள்ளலாம் என்று மட்டும் கேட்டான். அழத் தொடங்கியவளுக்குச் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்: தபாலில் துணி வாங்கும் கம்பெனியின் பாக்கி, கடை அட்டைக் கடன், வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து வசூலிக்கும் ஆளிடம் வாங்கியது.

தொடக்கம் மிகச் சின்னது. ஒரு திங்கட்கிழமை வங்கி விடுமுறை. பள்ளிச் சம்பளம் ஒருநாள் தள்ளி வந்தது. அதற்குள் கேஸ் கம்பெனி மாதத் தொகையைக் கணக்கிலிருந்து எடுக்க வந்தது. இரண்டு பவுண்ட் நாற்பது பென்ஸ் குறைந்தது. வங்கி திருப்பி அனுப்பிவிட்டு முப்பத்தெட்டு பவுண்ட் அபராதம் போட்டது. அந்த அபராதத்தால் வீட்டுக் காப்பீட்டுத் தவணைக்குப் பணம் குறைந்தது. அதற்கு ஓர் அபராதம். அதைச் சொல்ல ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு கட்டணம். அதன் பிறகு அபராதங்கள் முயல் மாதிரி குட்டி போட்டன. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மற்றக் கடன்கள்.

பேரி இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தவன். வேலை போனாலும் எண்ணும் வியாதி போகவில்லை. படி எண்ணாமல் மாடி ஏறமாட்டான். மிச்சமிருந்த சுவர்த்தாள் சுருளைப் பின்பக்கமாக விரித்து, நாலு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே அடித்து, சாயங்காலத்துக்குள் கணக்கை முடித்துவிட்டான். மொத்தக் கடன் ஆறாயிரத்து நானூறு. வங்கி போட்ட அபராதம் மட்டும் அறுபத்தொன்று. தொகை இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தாறு பவுண்ட்.

"காசில்லாத குத்தத்துக்குக் காசு," என்றான். பட்டாணியை வேகவைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வருடம் ஊரெல்லாம் இதே பேச்சுத்தான். உள்ளூர் வானொலியில் ஒரு கூரை வேலைக்காரர் வங்கியிடமிருந்து அபராதத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாகச் சொன்னார். கட்டணம் என்றால் வங்கிக்கு உண்மையில் ஆன செலவை ஒட்டி இருக்கவேண்டுமாம். நூலகத்துக் கணினியில் மாதிரிக் கடிதமே கிடைக்கும் என்றார். பேரிக்கு முதுகுவலி பறந்துபோனது. நோரீனுக்குத்தான் மனம் வரவில்லை. பணம் வைக்காதது நம் தப்புத்தானே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போன கோடையில் கடைச் சுவரிலிருந்த பண இயந்திரம் அவளுடைய அட்டையை விழுங்கியபோது, பின்னால் நின்றது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா. அந்தப் பிள்ளைக்கு அன்றுமுதல் நோரீன் ஒரு கரண்டி கஸ்டர்ட் கூடுதலாக ஊற்றிவருகிறாள். அந்த அம்மா யாரிடமும் சொல்லாமல் இருக்கவேண்டுமே.

"கேஸ்காரனுக்கு ரெண்டு பவுண்ட் நாப்பது கொறஞ்சுது," என்றான் பேரி. "அதுக்கு வங்கி என்ன செஞ்சுது? ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாததுக்கு முப்பத்தெட்டு பவுண்டுன்னா, நானும்தான் அஞ்சு வருஷமா வீட்ல ஒண்ணும் செய்யாம இருக்கேன். எனக்கு யாரு குடுக்கிறா?"

"அதுக்கு அபராதம் போடணும்னா உனக்கு நான்தான் போடணும்," என்றாள் நோரீன். ஆனாலும் மறுநாள் நூலகத்துக்குப் போனாள்.

கடிதத்தை முதலில் பேரிதான் எழுதினான். கடைசியில், 'தங்கள் கடிதங்களை உருக்கிக் காயவைத்துப் படித்த வகையில், ஒன்றுக்கு முப்பத்தெட்டு பவுண்ட்' என்று ஒரு பில்லும் சேர்த்திருந்தான். நோரீன் அதை அடித்துவிட்டு அனுப்பினாள். ஆறு வாரம் கழித்து வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் கட்டணங்கள் நியாயமானவை, வெளிப்படையானவை. இருந்தாலும் நல்லெண்ணத்தின் பேரில் நூற்றைம்பது பவுண்ட் தருகிறோம், இத்துடன் விவகாரம் முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். பேரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எண்ணத் தெரிந்த அளவுக்கு அவனுக்குப் பேரம் பேசத் தெரியாது. வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

நோரீன் கடிதத்தை இன்னொருமுறை படித்தாள். 'அன்புள்ள திரு. ஸ்கேஃப்' என்று தொடங்கியிருந்தது. கணக்கு அவளுடையது, கையெழுத்து அவளுடையது.

"அறுபத்தோரு தடவை பிடுங்கினப்போ திருமதி நோரீன் ஸ்கேஃப்னு ஒரு எழுத்து தப்பாம எழுதினாங்க," என்றாள். "குடுக்கிறப்போ நான் ஆம்பளையா பொம்பளையான்னுகூடத் தெரியல. நூத்தம்பதை அவங்களே வெச்சுக்கட்டும்."

வங்கிமேல் வழக்குப் போடும் நீதிமன்றப் படிவத்தை இந்தமுறை தன் கையாலேயே நிரப்பினாள். கட்டணத்தைக் கிறிஸ்துமஸ் சேமிப்பிலிருந்து எடுத்தாள். நீதிமன்றம் கொடுத்த நாளுக்குள் வங்கி பதில் போடவில்லை. வாதாட யாரும் வரவுமில்லை. தீர்ப்பு தபாலில் வந்தது: செலவும் வட்டியும் சேர்த்து இரண்டாயிரத்து நானூற்றுப் பதினொரு பவுண்ட் கொடுக்கவேண்டும். வங்கி அதையும் கொடுக்கவில்லை. அங்கேயும் யாரோ ஒருவர் அதைப் பிரிக்காமல் வைத்திருப்பார் என்று நோரீனுக்குத் தோன்றியது. ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு ஜப்தி செய்ய நீதிமன்ற அமீனாவை அனுப்பும்படி இன்னொரு படிவம் போட்டாள்.

அமீனா பெண்பிள்ளை. பெயர் வெண்டி கார்பட். தொலைபேசியில் கூப்பிட்டு, ஜப்திக்குப் போகும்போது வழக்குப் போட்டவர் உடன் வரக்கூடாது என்று விதியைச் சொன்னாள். "ஆனா வங்கிக்குக் காசு கட்டப் போறதை யாரும் தடுக்க முடியாது, கண்ணு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரிசை அவ்வளவா இருக்காது."

பதினோரு வருடத்தில் முதல்முறையாக நோரீன் விடுப்பு எடுத்தாள். வீட்டிலிருந்த செப்புக் காசுகளை ஒரு ஜாடியில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். பக்கத்தில் பேரி. பத்தரைக்கு வெண்டி உள்ளே வந்தாள். ஐந்தடி உயரம், மழைக்கோட்டு, கையில் எழுதும் அட்டை. கிளை மேலாளர் ஜூலியன் பாஸ்க் புன்னகையோடு எழுந்து வந்து, என்ன கணக்கு தொடங்கவேண்டும் என்று கேட்டார். அவள் ஆணையை நீட்டினாள். புன்னகை அங்கேயே நின்றது, அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வெண்டி ஜப்தி செய்யவேண்டிய பொருள்களை எழுதத் தொடங்கினாள். கணினி நான்கு. நோட்டு எண்ணும் இயந்திரம் ஒன்று. சுழல் நாற்காலி ஒன்று. தொட்டிச்செடியைத் தொட்டுப் பார்த்தாள், பிளாஸ்டிக், அதையும் எழுதினாள். வரிசையில் நின்ற ஒரு கிழவர் நாற்காலிக்கு ஐந்து பவுண்ட் தருவதாகச் சொன்னார். கவுண்டரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த பேனாக்களை வெண்டி இழுத்துப் பார்த்துவிட்டு, இவற்றுக்குக் கத்தரி கொண்டுவரவேண்டும் என்று மேலாளரிடம் சொன்னாள்.

பெட்டகம் நிறையப் பணம் இருந்தும் அதிலிருந்து ஒரு பென்னி எடுக்கப் பாஸ்க்குக்கு அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகத்தை அழைத்தார். கிளைகளுக்கான தனி எண் அன்று வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர் எண்ணுக்கே போட்டார். ஒலிபெருக்கி வழியாக வயலின் ஒலித்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. முப்பத்தைந்து நிமிடம் அவர் காத்திருந்தார். வரிசையில் ஒருவரும் கிளம்பவில்லை. வழக்கு நடந்த மாதங்களில் அதே எண்ணில் காத்திருந்து காத்திருந்து, அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று நோரீனுக்கு மனப்பாடம். அவளே அவருக்கு எடுத்துச் சொன்னாள். நடுவே லைன் அறுந்தபோது வரிசையே பெருமூச்சு விட்டது.

கடைசியில் அனுமதி வந்தது. பாஸ்க் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தொகையை இப்போதே திருமதி ஸ்கேஃபின் கணக்கில் வரவு வைத்துவிடுவதாக வெண்டியிடம் சொன்னார்.

"வேண்டாம்," என்றாள் நோரீன்.

பள்ளிக்கூடத்தில் கரண்டியை உயர்த்தும்போது வரும் குரல் அது. எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நான்தான் நோரீன் ஸ்கேஃப். அந்தக் கணக்கு ஆயிரத்து நூறு பள்ளத்துல இருக்கு. அதுல போட்டா பள்ளமே முழுங்கிடும். எனக்கு எவ்வளவு கடன்னு இனிமே ஊருக்கே தெரிஞ்சாலும் பரவாயில்ல. கோர்ட் பேருக்கு டிராஃப்ட் எடுத்து இந்த அம்மா கையில குடுங்க."

கவுண்டரிலிருந்த பெண் டிராஃப்ட் தாளை எடுத்தாள். எடுத்தவள், பழக்கதோஷத்தில், டிராஃப்ட்டுக்கு இருபது பவுண்ட் கட்டணம் என்று சொல்லிவிட்டாள். வரிசை முழுக்கத் திரும்பி மேலாளரைப் பார்த்தது. பாஸ்க் கண்ணை மூடிக்கொண்டார். "கட்டணம் வேண்டாம், ஃபெலிசிட்டி," என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் பேரி பொரித்த மீன் விற்கும் கடையில் இரண்டு உருளைக்கிழங்கு பேட்டியும் (மசித்துப் பொரித்த வடை மாதிரி) சிப்ஸும் வாங்கினான். மேலே மசாலா தூவி, சூடு ஆறுவதற்குள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நோரீன் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். மனதில் இருந்தது வெட்கமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜாடிக் காசைக் கட்ட மறந்துவிட்டோமே என்றாள். நல்லவேளை, அதற்கும் ஏதாவது பிடித்திருப்பார்கள் என்றான் பேரி.

எல்லாம் அதோடு தீர்ந்துவிடவில்லை. பதினைந்து நாளில் வங்கி, உங்கள் கணக்கை முப்பது நாளில் மூடுகிறோம் என்று எழுதியது; இந்தமுறை பெயர் சரியாக இருந்தது. மிச்சம் நாலாயிரம் பவுண்ட் கடன் அப்படியே நின்றது. புதன்கிழமைகளில் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்லும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் போனார்கள். அவர் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். பேரியின் கால்பந்துச் சூதாட்டச் சீட்டு போனது, நோரீனின் தபால் துணி போனது. கடன்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து மாதம் அறுபத்திரண்டு பவுண்ட், ஐந்தரை வருடம் என்று பேசி முடித்தார். வெள்ளிக்கிழமை வசூல்காரர் வழக்கம்போல் வந்து பிஸ்கட்டுக்குக் கை நீட்டியபோது, நோரீன் ஆசிரியையின் முகவரியை அந்தக் கையில் வைத்தாள்.

விஷயம் பரவத்தான் செய்தது. முதலில் வந்தவள் அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா. ஒரு பை நிறையக் கடிதம் கொண்டுவந்தாள். பிறகு பள்ளிக் காவலாளி. ஜூன் மாதம் ஒருநாள், சாப்பாட்டு நேரம் முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தலைமை ஆசிரியை திருமதி அக்ராய்ட் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். உருளைக்கிழங்கு மசியலில் கட்டி இருந்தது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நோரீன் நினைத்தாள். அவர் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் தங்கை ஒருத்தி இருக்கா, நோரீன்," என்றார். "அவளுக்கு அந்த மாதிரிக் கடிதம் வேணுமாம்."

நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு, கெட்டிலைப் போட்டாள். "உக்காருங்கம்மா," என்றாள். "உங்க தங்கச்சிக்கு மொத்தம் எத்தனை அபராதம்?"

திருமதி அக்ராய்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எண்ண பயமா இருக்கு," என்றார்.