பாயிஸா மிஸ்ஸின் வலது பக்கம்

கண்டிப் பக்கத்து மலைப்பாதைகளில் எல் போர்டு மாட்டிய ஒரு சிவப்புக் கார் ஊர்ந்து போனால், அதற்குள்ளிருந்து கட்டாயம் ஒரு சத்தம் வரும். "கோட்டுக்குள்ள போங்க! கோடு என்னத்துக்குப் போட்டீக்கு, வடிவுக்கா?" அது மடவளை பாயிஸாவின் குரல். இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள். அவளிடம் பழகியவர்கள், எதிரே அவளைக் கண்டால் நடந்து போகும்போதுகூட ஓரமாகத்தான் போவார்கள்.

நாற்பத்தேழு வயதில் அந்தப் பாயிஸா கடலில் நீந்தப் போனதற்குக் காரணம் சக்கரக் கதிரைகள். ஊர்க்கோடியில் நடக்க முடியாதவர்களுக்கு ஓர் இல்லம் இருந்தது. பதினான்கு பேருக்கு மூன்றே கதிரைகள். ஒருநாள் பழைய துணி கொடுக்கப் போன பாயிஸா, பலாமரத்தடிக்குப் போய்க் காற்று வாங்குவது யாருடைய முறை என்று இரண்டு பேர் சண்டை பிடித்ததைக் கண்டாள். "ரெண்டிலிருந்து ரெண்டரை வரைக்கும் என்ட டேர்ன்" என்று ஒருவர் சுவரிலிருந்த மணிக்கூட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். புதுக் கதிரைகளுக்குக் காசு சேர்ப்பதென்று அன்றைக்கே அவள் முடிவெடுத்தாள்.

முதலில் கட்லட் விற்றார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் கட்லட் செய்துகொண்டு வந்து, ஒருவருடையதை மற்றவர் வாங்கித் தின்றதுதான் மிச்சம். பிறகுதான் பாயிஸா ஃபோனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். நிலாவெளியில் கடல் நீச்சல் போட்டி, இரண்டு கிலோமீற்றர், நீந்துகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த தருமத்துக்குக் காசு சேர்க்கலாம். சின்ன வயதில் மகாவலி ஆற்றில் குதித்து விளையாடியவள்தானே. உடனே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"கடல்ல முதலை ஈக்குமா?" என்று கேட்டார் கணவர் ஹபீல். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற, தண்ணீரென்றால் முகம் கழுவ மட்டும் பாவிக்கிற மனுஷன்.

"அது ஆத்துல."

"அப்ப சரி" என்று அவர் அரைமனதோடு தலையாட்டினார்.

காசு கேட்டு அவள் முதலில் ஏறியது மக்கீன் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடைப் படியில். ஆணி ஒன்று கீழே விழுந்தாலும் விளக்குப் பிடித்துத் தேடுகிறவர். கடையில் ஆட்கள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்துத்தான் அவள் போனாள். எல்லோருக்கும் முன்னால் இல்லையென்று சொல்ல அவருக்கு வெட்கம். கொஞ்சம் யோசித்தார். நாற்பத்தேழு வயது, கனத்த உடம்பு, இருநூறு மீற்றரில் யாராவது தூக்கிப் படகில் போட்டுவிடுவார்கள்.

"கடல்ல நீங்க நீந்துற ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் மூவாயிரம்!" என்று சத்தமாகச் சொல்லி, பில் புத்தகத்தில் அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வைத்து, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். கடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் பத்துப்பதினைந்து பேர் நூறு, இருநூறு என்று அதே கணக்கில் எழுதினார்கள்.

பழக்குவதற்கு ஆள் வேண்டுமே? திகனயில் ஒரு சின்ன ஹோட்டலின் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவள் சந்திரிகா. பன்வில தோட்டத்துப் பிள்ளை. பாடசாலைக் காலத்தில் மாகாண மட்டத்தில் நீந்தியவள். பாயிஸாவிடம் கார் பழகி, சாரதிப் பரீட்சையில் மூன்று தரம் தவறியிருந்தாள். நீச்சலுக்குக் கார், காருக்கு நீச்சல் என்று இருவரும் பேசி முடித்தார்கள். ஹோட்டல் விருந்தாளிகள் எழும்புமுன் காலை ஆறு மணிக்குக் குளம் பாயிஸாவுடையது.

தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு நீச்சலுடை ஒன்றை அவளே தைப்பித்தாள். ஹபீல் அதைப் பார்த்து, "புது டயர் டியூப் மாதிரி நல்லா மினுங்குது" என்றார். அவர் வாயில் அதற்குமேல் புகழ்ச்சி வராது.

முதல் வாரம் அவள் குடித்த தண்ணீர் நீந்திய தூரத்தைவிடக் கூட. இரண்டாம் மாதம் நிற்காமல் இருபது சுற்று வந்தாள். கடலுக்கு அலை வேண்டுமென்று, கார் பழக வந்த ஐந்து பெண்களைக் குளத்தின் ஓரத்தில் இருத்திக் காலால் தண்ணீர் அடிக்கச் சொன்னாள். அலை வந்தது. குளத்தில் பாதித் தண்ணீர் வெளியே போனது. ஹோட்டல் மனேஜரும் வந்தார். அத்தோடு அலை நின்றது.

"மிஸ், நாலு கை போட்டா ஒரு தடவை தலையைத் தூக்கி முன்னுக்குப் பாக்கணும்" என்று சந்திரிகா படித்துப் படித்துச் சொன்னாள். "கடல்ல கோடு கெடையாது."

"நா நேராத்தானே போறேன், புள்ள? எங்கயாவது முட்டினேனா?"

உண்மையாகவே பாயிஸா ஒருநாளும் எதிலும் முட்டவில்லை. ஏனென்றால் அந்தக் குளம் கஜுக்கொட்டை வடிவத்தில் வலது பக்கமாக வளைந்திருந்தது. வலது பக்கம் மட்டும் மூச்செடுக்கிற பாயிஸாவும் வலது பக்கமாகத்தான் வளைந்தாள். குளமும் மனுஷியும் அப்படியொரு பொருத்தம். பாயிஸாவுக்கும் சந்திரிகாவுக்கும் அது விளங்கவில்லை.

போட்டி நாள் காலையில் நிலாவெளிக் கரையில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். ஆளுக்கொரு செம்மஞ்சள் பலூனை இடுப்பில் கட்டிவிட்டார்கள். தண்ணீரில் ஆள் எங்கே என்று தெரிவதற்கு. அதற்குள் நீந்திய தூரத்தை அளக்கிற கருவியும் இருந்தது. கரையோரமாக வடக்கே ஒரு கிலோமீற்றர் போய், மிதவையைச் சுற்றித் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஊதல் சத்தம் கேட்டதும் பாயிஸா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாய்ந்தாள். கொஞ்ச நேரம் யார் யாரோ காலும் கையும் மேலே பட்டன. பிறகு ஒருவரும் படவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் சத்தமும் இல்லை. ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். முன்னுக்கு ஓர் ஆளும் இல்லை.

அல்லாஹ்வே, நான் முதலாவதா?

சந்தோஷத்தில் அவளுக்குக் கை இரண்டும் றெக்கையாகிவிட்டது. கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நீல மீன்கள் கூட்டமாகப் போயின. பெரிய ஆமை ஒன்று, அவசரமே இல்லாமல், அவளுக்குக் கீழே கடந்து போனது. வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிற மாதிரிகூட ஒரு கனவு வந்தது. எந்தப் பக்கத்தில் ஹபீலை நிறுத்துவது என்பதுதான் யோசனை.

அப்போது இயந்திரப் படகொன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ராஜலிங்கம் என்ற மீனவர். முன்னுக்கு முகம் வெளிறிப்போய் சந்திரிகா.

"அம்மா, எங்க போறியள்?" என்றார் ராஜலிங்கம்.

"போட்டிக்கு! நா முதலாவதுதானே?"

"இந்தப் பக்கம் வந்தது நீங்கள் மட்டும்தான். அந்தா தெரியுதே, அது புறாத்தீவு. அங்க இறங்க வேணுமெண்டால் டிக்கெட் எடுக்க வேணும்."

பாயிஸா திரும்பிப் பார்த்தாள். கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. தென்னைமரங்கள் தீக்குச்சி அளவு இருந்தன.

"மிஸ், நாப்பது பலூன் ஒரு பக்கம் போகுது, ஒண்ணு மட்டும் தனியாப் போகுது. பாத்தா நீங்க!" சந்திரிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. "கையக் குடுங்க, ஏறுங்க."

"படகைத் தொட்டா?"

"அத்தோட முடிஞ்சுது. அதுவரைக்கும்தான் தூரம்."

பாயிஸா பலாமரத்தடியை நினைத்தாளோ, மக்கீன் ஹாஜியாரின் முத்திரையை நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். "நா ஏற மாட்டேன். நீ வழியச் சொல்லு."

சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு படகில் எழுந்து நின்றாள். இடது, வலது என்று சொன்னால் பதற்றத்தில் மிஸ்ஸுக்கு ஏறாதென்று அவளுக்குத் தெரியும். அதனால் காரில் தான் வாங்கிக் கட்டிக்கொண்ட பாஷையிலேயே தொடங்கினாள்.

"லெப்ட் சிக்னல் போடுங்க! லெப்ட்! இன்னும் கொஞ்சம் ஸ்டியரிங்கைத் திருப்புங்க! போதும், நேரா! மிஸ், கோட்டுக்குள்ள போங்க!"

"கோடு எங்கடி ஈக்கு?"

"நா சொல்றதுதான் கோடு!"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பாயிஸா வாய் திறக்காமல் சொன்னபடி கேட்டாள். மிதவைக்குப் போனாள், சுற்றினாள், திரும்பினாள். ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் வலது பக்கம் சரிந்தாள். ஒவ்வொரு தடவையும் ஏச்சு வாங்கினாள். ராஜலிங்கம் சிரித்துச் சிரித்து, படகும் அவளோடு சேர்ந்து வளைந்தது.

அவள் கரைக்கு வரும்போது மூன்று மணித்தியாலம் கடந்திருந்தது. பரிசு கொடுத்து முடிந்து, கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவு வளைவை மட்டும் பிரிக்க விடாமல் ஒரு கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார் ஹபீல். அவளைக் கண்டதும் கம்பத்தை விட்டுவிட்டு, உடுத்திருந்த சாரத்தோடு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினார். கையில் இஞ்சிக் கோப்பிப் போத்தல்.

"வந்துட்டீங்களா? எனக்கு உயிரே இல்ல" என்றார். பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து அலறினார். கடைசியில் நீந்தி வந்தவள்தான் அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

நேரம் கடந்ததால் அவளுக்கு இடம் எதுவும் இல்லை. ஆனால் கருவியைப் பார்த்த அலுவலர் இரண்டு தரம் கண்ணைக் கசக்கினார். ஐயாயிரத்து முந்நூறு மீற்றர். அதை அப்படியே சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் மக்கீன் ஹாஜியார் அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "போட்டி ரெண்டு கிலோமீற்றர்தானே? கோணலா நீந்தினதுக்கெல்லாம் நா காசு தரணுமா?"

கடையில் அன்றைக்கும் நல்ல கூட்டம். பாயிஸா மூலையில் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினாள்.

"ஹாஜியார், இந்த ஹோஸை எப்படி விக்கிறீங்க? வளைஞ்சு கிடக்குது எண்டு அடியைக் குறைப்பீங்களா?"

கடை முழுக்கச் சிரித்தது. ஹாஜியார் குழாயைப் பார்த்தார், தன் முத்திரையைப் பார்த்தார், கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே காசு லாச்சியைத் திறந்தார். ஒவ்வொரு தாளையும் இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

மற்றவர்களும் எழுதியபடியே கொடுத்தார்கள். ஆறு புதிய கதிரைகள் இல்லத்துக்கு வந்து இறங்கின. கதிரைகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாயிஸாவிடம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்றே கேட்டார்கள். பன்வில தோட்டத்தில் கொழுந்தெடுத்து, சரிவில் விழுந்து இடுப்பொடிந்து, அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்த ராக்கம்மா மட்டும் வேறு கேட்டாள். "கடலு எப்படிம்மா இருந்துச்சு? நா பாத்ததே இல்ல."

பாயிஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நீல மீன்களைச் சொன்னாள். அவசரமில்லாத ஆமையைச் சொன்னாள். தண்ணீரின் நிறத்தைச் சொல்ல வாய் வராமல், தன் முந்தானையை, ஜன்னலை, மருந்துப் போத்தலை எல்லாம் காட்டிப் பார்த்தாள். கொண்டு வந்து வைத்த தேநீர் ஆறிப் போனது. ராக்கம்மா இடையிடையே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டு முடிந்ததும் புதுக் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தை ஒரே தள்ளு. கதிரை போன வேகத்தில் போய் எதிரே இருந்த அலுமாரியில் மோதி நின்றது. கதவில் நீளமாக ஒரு கீறல். இல்லத்துப் பொறுப்பாளர் தலையில் கை வைத்தார். ராக்கம்மா கதிரையைப் பின்னுக்கு எடுத்து, இன்னொரு தள்ளுத் தள்ளி, வாசலைத் தாண்டி வெளியே போனாள்.