லாபம், ரெண்டு, மூணு

சிலோனுக்கு பஸ் டூர் போய்வந்தவன் என்று தெரிந்ததும், என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் உண்டு. கப்பலில் வாந்தி வருமா, அங்கே நம்ம சோறு கிடைக்குமா, அட்டை கடிக்குமா என்று கேட்பார்கள். வாந்தி வரும், சோறு கிடைக்கும், அட்டை கடிக்கும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கூட வருகிற மனுஷர்களுக்குத்தான் பயப்பட வேண்டும்.

என் பெயர் அருமைநாயகம். முப்பது வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவன். தோணியில் ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணிச் சொல்வதுதான் என் வேலை. நான் சொன்ன எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய், பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்?

வேலையிலிருந்து நின்ற கையோடு, இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், இந்த டூரில் சேர்ந்தேன். நடத்தியவர் காயல்பட்டினம் காஜா முஹ்யித்தீன். நாற்பது வயது இருக்கும். கொழும்பில் அவர்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை இருந்தது. பன்னிரண்டு பேரைக் கூட்டிப்போய், ஒரு சின்ன பஸ்ஸில் அனுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஏற்பாடு. ஆளுக்கு ஒரு பெட்டிதான். ஜன்னல் சண்டை வராமல் இருக்கத் தினமும் சீட்டு மாறி உட்கார வேண்டும். யாரும் தனியாக எங்கேயும் போகக் கூடாது.

கடைசி விதிக்குக் காரணம் இருந்தது. அவருடைய முதல் டூரில் வந்த ஒருவன் கொழும்பிலேயே நழுவி வேலை தேடிக்கொண்டானாம். துறைமுகத்து அதிகாரிகள் காஜாவைக் கூப்பிட்டு, இன்னொரு ஆள் குறைந்தால் இனி ஒரு கூட்டத்தையும் இறக்க விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ்காரருக்கும் போலீஸ் தொந்தரவு. அதனால் பஸ் கண்டக்டர் தினமும் காலையிலும், ஊர் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும், வண்டி எடுக்கும்முன், கொச்சைத் தமிழில், "எத்தனை பேர்?" என்று கேட்பார். அவராக எண்ணமாட்டார்; பன்னிரண்டு என்று பதில் வந்தால்தான் வண்டி நகரும்.

காஜா எண்ணுகிற அழகு இருக்கிறதே! கடைக்காரப் பழக்கம் அவரை விடவில்லை. படியால் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். முதல் படிக்கு "லாபம்" என்பார்கள், அடுத்தது "ரெண்டு". அதேபோல முன்சீட்டில் இருக்கிறவரைத் தொட்டாற்போல் காட்டி, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டே போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கணக்கில் லாபம் என்று ஓர் எண் உண்டா?

எனக்கு முன்னால் இசக்கித்தாய்க்குத்தான் கோபம் வந்தது. அவள் தெற்கு பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அனுராதபுரத்தில் அவள் முன்சீட்டில் இருந்தபோது, "ஏ தம்பி, நான் என்ன நெல்லு மூட்டையா? என்னைய லாபம்னு எண்ணாதீரும்" என்று பிடி பிடியென்று பிடித்தாள். காஜா வெட்கப்பட்டுப்போனார். அடுத்து தம்புள்ளையில் எண்ணும்போது லாபத்தைத் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு, பயணிகளை "ரெண்டு" என்று ஆரம்பித்தார்.

என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். பன்னிரண்டு என்பது பயணிகள் மட்டும். அவரையும் சேர்த்து எண்ணினால், ஓர் ஆள் குறைந்தாலும் பன்னிரண்டு வரும். குறைந்த அந்த ஆள் நான்தான்.

தம்புள்ளையில் குகைக்கோயில் பார்த்துவிட்டு இறங்கி, ஓர் ஓடையில் கால் கழுவப் போனேன். தூத்துக்குடிக்காரனுக்கு நல்ல தண்ணீரைக் கண்டால் கால் நகராது. நாம் குடம் வைத்துக் காத்துக் கிடக்கிற தண்ணீர், அங்கே கேட்பாரற்று ஓடுகிறது. முழங்கால் வரை நின்றுகொண்டே இருந்தேன். திரும்பி வந்தால் பஸ் இல்லை, புழுதிதான் இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் வண்டி திரும்பி வந்தது. "கொறை சொல்லுத சத்தத்தையே காணமேன்னு பாத்தேன். அப்பத்தான் ஒங்க நெனப்பு வந்துச்சு" என்றாள் இசக்கித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். காஜா மட்டும் அழாத குறை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இனிமே நீங்களே எண்ணுங்க."

"எண்ணுதேன். ஆனா ஒண்ணுன்னுதான் எண்ணுவேன். லாபம் கீபம் எல்லாம் ஒங்க கடையோட இருக்கட்டும்" என்றேன்.

அன்று முதல் எண்ணிக்கை என் பொறுப்பு.

அன்றைக்கு என் பக்கத்துச் சீட்டு முத்துக்கனி. ஆறுமுகநேரிப் பக்கத்துக்காரி, ஐம்பது வயது, கைம்பெண். மடியில் பெரிய ஓலைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வருவாள். கருப்பட்டி, சுக்கு, பெருங்காயம் எல்லாம் கலந்த வாடை மூக்கைத் துளைக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி என்ற விதிக்கு இது இரண்டாவது பெட்டி அல்லவா என்று நான் முதல் நாளே கேட்டிருந்தேன். அவள் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மாத்தளை நெருங்கும்போது அவளாகவே பேசினாள். "எம் மவ செல்லக்கனி இங்கனதான் இருக்கா அண்ணாச்சி. மருமவன் கடை வச்சிருக்கான். சண்டைக்கு முந்துன வருசம் கட்டிக் குடுத்தேன். பெறவு பாக்கவே இல்ல. அவளப் பாக்கத்தான் இந்த டூருல வந்தேன். எனக்குக் குகையும் வேண்டாம், புத்தரும் வேண்டாம்."

"பேரப்பிள்ளைக இருக்கா?"

அவள் பெட்டியின் மூடியைத் தடவினாள். "ரெண்டு பொறந்துச்சு. ரெண்டும் அழல."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டியாரணும்லா? சண்டையில எந்தக் கப்பல நம்பிக் கூட்டியார? ரெண்டுக்கும் பக்கத்துல தாய் இல்ல. அந்தப் பயத்துலயே பிள்ளைக்கு வலு இல்லாமப் போச்சுன்னு நான் நெனைக்கேன். இப்போ மூணாவது. மாசம் நெறைஞ்சிருக்கு. இந்தப் பெட்டியில அவளுக்குப் பேறுகால மருந்துதான் இருக்கு."

மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவன் நான். கையை இறக்கிக்கொண்டேன்.

மாத்தளையில் கோயில் மடத்தில் இரவு தங்கல். சாயங்காலம் முத்துக்கனி மகளைப் பார்க்கக் கிளம்பினாள். தனியாகப் போகக் கூடாது என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். கடைக்குப் பின்னாலேயே வீடு. செல்லக்கனி வாசலிலேயே நின்றாள், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு. தாயைக் கண்டதும் ஓடி வரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "யம்மா" என்றாள், அவ்வளவுதான். முத்துக்கனி அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். மருந்து, கருப்பட்டி, பிள்ளையைச் சுற்ற நைந்த பழைய வேட்டித் துணி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதை எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்று மருமகனிடம் சொன்னாள். அந்தப் பையன் பாவம், தலையைத் தலையை ஆட்டினான். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

செல்லக்கனி அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இருந்துவிடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாங்கள் எழுந்தபோது, "காலைல பஸ் எத்தன மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டாள். இருந்துவிடு என்று கேட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மடத்துக்கு வந்ததும் முத்துக்கனி காஜாவிடம் கேட்டாள். இன்னும் மூன்றாம் நாள்தானே கப்பல், அதுவரை மகளோடு இருந்துவிட்டு நேரே கொழும்புக்கு ரயிலில் வந்துவிடுகிறேன் என்றாள். "பிள்ளைக்குத் தல தெரிஞ்சாப் போதும் தம்பி. பெறவு வந்துருதேன்."

காஜாவின் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு மனசு இல்லாமலா அக்கா? அல்லா மேல ஆணையா எங் கையில இல்ல. ஒரு ஆள் கொறைஞ்சாலும் கண்டக்டர் கொழும்புக்குச் சொல்லிருவாரு. பெறவு என் பொழப்புல மண்ணுதான்" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, எண்ணுதது நீங்கதானே?"

அவள் எங்கே வருகிறாள் என்று புரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முப்பது வருசத்துல ஒரு மூட்ட தப்புனதில்ல தாயி. எங்கிட்ட இதக் கேக்காத" என்றேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டைக்கு அம்மா உண்டா, மகள் உண்டா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் எல்லோரும் வண்டியில் ஏறினோம். சீட்டு முறைப்படி அன்றைக்கு முன்சீட்டு முத்துக்கனிக்கு. நழுவி ஓடியிருக்கலாம், அவள் ஓடவில்லை. காலியான ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. கண்டக்டர் கீழே நின்று எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது தெருக்கோடியில் மருமகன் தெரிந்தான். மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். "அத்த, வலி கண்டுருச்சு" என்றான். நிறுத்தச் சொல்ல வரவில்லை அவன். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருந்தான்.

முத்துக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு காஜாவைப் பார்த்தாள். காஜா தன் கால்விரலைப் பார்த்தார்.

நான் எழுந்து முன்சீட்டருகே போனேன். "முத்துக்கனி, பெட்டிய வச்சிட்டு எறங்கு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"எறங்குன்னு சொல்லுதேன். மூணாம் நாள் கப்பலுக்கு மருமவன் ஒன்னயக் கொண்டாந்து விடணும். வரலைன்னா இந்தக் காஜா தெருவுல நிப்பாரு. அது ஞாபகம் இருக்கட்டும்."

அவள் கண்டக்டர் கண்ணில் படாமல் மறுபக்கத்துக் கதவால் இறங்கி ஓடினாள். ஐம்பது வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டு படியில் ஏறி, "எத்தனை பேர்?" என்றார்.

நான் அந்த ஓலைப்பெட்டியின் மேல் கையை வைத்தேன். "லாபம்" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அடுத்த சீட்டைக் காட்டி "ரெண்டு" என்றேன். அடுத்தது இசக்கித்தாய். வாய்க்குப் பூட்டு இல்லாத அந்த மனுஷி, என்னை நிமிர்ந்து பார்த்து, "மூணு" என்று அவளே சொன்னாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் "நாலு" என்றார். வரிசையாக ஒவ்வொருவரும் தாங்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் என் நெஞ்சைத் தொட்டு, "பன்னிரண்டு. சரியா இருக்கு" என்றேன்.

காஜா முன்னால் திரும்பிக்கொண்டார். "பிஸ்மில்லாஹ். வண்டிய எடுங்க" என்றார். அவர் தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்த நான் பார்த்தேன்.

கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகை பார்த்தோம், பேராதனைத் தோட்டம் பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். வண்டி எடுக்கும்போதெல்லாம் பெட்டியை லாபம் என்று எண்ணுவேன். மீதி நேரமெல்லாம் கப்பலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் கொழும்புத் துறைமுகத்தில், கப்பலுக்குப் போகிற படகு துறையில் காத்திருந்தது. பதினொரு பேர் நின்றோம். அதிகாரி ஒருவர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காஜா என் பக்கம் வந்தார்.

"மூணு நாளா நான் ஒங்களை ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி."

"கேக்காதீங்க."

"வரலைன்னா?"

"வருவா" என்றேன். எனக்கு நிச்சயமில்லை. மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி எங்களுக்காக எழுந்து வருவாள் என்று எந்தக் கணக்கில் நம்புவது? ஒருவேளை அங்கே நடந்தது நல்லதாக இல்லாவிட்டால், எந்த மனசோடு வருவாள்?

ரிக்‌ஷா ஒன்று வந்து நின்றது. முதலில் மருமகன் இறங்கினான். பிறகு முத்துக்கனி. அதே சேலை, அதே வீங்கிய கண். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள். நான் அவளுடைய பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதுச்சு அண்ணாச்சி" என்றாள். "பொம்பளப் பிள்ள. தெருவே கேக்க அழுதுச்சு."

இசக்கித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காஜா வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். வாசலில் நின்ற அதிகாரி, "எத்தனை பேர்?" என்று சத்தம் போட்டார்.

நான் முத்துக்கனியிலிருந்து "ஒன்று" என்று ஆரம்பித்தேன். ஆறிலோ ஏழிலோ எண்ணிக்கை நழுவிவிட்டது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் நழுவியது. முப்பது வருஷம் மூட்டை எண்ணியவன் அங்கே நின்றுகொண்டு விழித்தேன். கண்ணில் தண்ணீர் நின்றால் தலை எப்படித் தெரியும்? கடைசியில் காஜாதான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எண்ணி முடித்தார்.