டாங்கிக்குள் இருபது நிமிடம்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஜமீலுன்னிசா தன் புருஷனின் வாயை முகர்ந்து பார்த்தது ஒரே ஒரு முறைதான். சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில், இடுப்பெலும்பு உடைந்து அப்துல் சமத் கண்மூடிக் கிடந்தபோது, குனிந்து முகர்ந்தாள். கிரீஸ் வாடையும் டீசல் புகை வாடையும்தான் வந்தன. அவள் நிமிர்வதற்குள் சமத் கண்ணைத் திறந்துவிட்டார். எதற்காகக் குனிந்தாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஏழு மாதமாக அவர் அவளோடு பேசும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசுகிறார்.

ஐந்து வேளை தொழுகிற மனுஷனை அவள் அப்படி முகரும்படி செய்தவன் பாரத். முதல் உலகப் போரைப் பற்றிய ஒரு படத்துக்கு அவன் ஆர்ட் டைரக்டர். வடபழனிக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டுடியோ மைதானத்தில் பதுங்குகுழி வெட்டி, முள்கம்பி இழுத்து, அந்தக் குழிகளைத் தாண்டுவதற்கென்றே 1916-ல் கண்டுபிடித்த டாங்கி ஒன்றையும் செய்யச் சொன்னான். செய்தவர் சமத். கோடம்பாக்கத்தில் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மங்கலான போட்டோவைப் பார்த்து இரும்புத் தகட்டில் வண்டியை எழுப்பி, பழைய டிராக்டர் இன்ஜினை உள்ளே வைத்து, குழியைத் தாண்டவும் வைக்க அவரை விட்டால் ஆள் இல்லை. காஸ்ட்யூமில் தையல்காரியான ஜமீலாதான் டாங்கி வீரர்களுக்குத் தோலில் முகமூடி தைத்தாள். குண்டு பட்டால் உள்சுவரிலிருந்து இரும்புச் சில்லு தெறிக்குமாம், அதற்காக வாய்ப்பக்கம் சங்கிலி வலை தொங்கும்.

அந்தக் காலத்து டாங்கியில் இன்ஜினுக்குத் தனி அறை கிடையாது. நடுவில் இன்ஜின், சுற்றி எட்டு மனிதர்கள். இதிலும் அப்படியே வைத்த சமத், புகைக்குழாயை மட்டும் கூரைக்கு மேலே கொண்டுபோயிருந்தார். ஃபிரேமில் அசிங்கமாகத் தெரிகிறது, அறுத்துவிடு என்றான் பாரத்.

"பொகை உள்ளயே சுத்தும் சார்" என்றார் சமத்.

"ஒரே ஒரு ஷாட்தான் பாய், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அந்த ஒரு ஷாட் இருபது நிமிஷம் ஓடியது. கதவு ஆட்டத்தில் திறந்துவிடக் கூடாதென்று வெளியே கொக்கி வேறு போட்டிருந்தார்கள். உள்ளே தனியாக ஓட்டிக்கொண்டிருந்த சமத் ஸ்பானரால் இரும்பைத் தட்டினார். "இந்த சவுண்ட் சூப்பரா இருக்கு, ரெக்கார்ட் பண்ணுங்க" என்றான் பாரத். இன்ஜினை அணைக்க வேண்டும் என்ற புத்தி வருவதற்குள் சமத்துக்குப் புத்தியே மங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் வெளியே வந்து, டாங்கியின் மேல் நின்று தள்ளாடி, யூனிட்டே பார்க்கப் பதுங்குகுழிக்குள் விழுந்தார். யாரும் வாய் திறக்கும் முன் பாரத் முந்திக்கொண்டான்: "குடிச்சிட்டு வந்திருக்காரு."

அவ்வளவுதான். நர்சிங் ஹோமில் எலும்பைப் பார்த்தார்களே தவிர ரத்தத்தைச் சோதிக்கவில்லை. சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் அவர் கார்டை நிறுத்தினார்கள், வேலை போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது, தெருவில் சமத்துக்கு 'டாங்கி பார்ட்டி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நாக்கு கூசவில்லை பாருங்கள்.

இதுவரைக்கும்கூட, தெரியாமல் சொல்லிவிட்டான் என்று ஜமீலா தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். போன மாதம் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தபடி செல்போனில் அவன் பேட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு மாதம் ஆராய்ச்சி செய்தேன் என்று அளந்துகொண்டிருந்தவன் சொன்னான்: "டேங்குக்குள்ள அவ்ளோ புகை. வெளிய வந்த சோல்ஜர்ஸ் எல்லாம் வாந்தி எடுத்து, குடிச்சவங்க மாதிரியே தள்ளாடுவாங்களாம்."

ஜமீலா மெஷினை நிறுத்தினாள். அதே இடத்தை நாலு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். தெரிந்தே சொல்லியிருக்கிறான். இவன் நாலு பேர் நடுவில் தள்ளாட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

நாள் அதிகம் ஆகவில்லை. பட விளம்பரத்துக்காக டாங்கியைத் தி. நகரில் ஒரு மண்டபத்து முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதை இப்போது பார்த்துக்கொள்வது பட்டினப்பாக்கத்து மெக்கானிக் வேதநாயகம். அன்று புகைக்குழாயைத் தன் கையாலேயே அறுத்திருந்தும், வேலை போய்விடும் என்று சங்கத்தில் வாயைத் திறக்காதவர். அந்த உறுத்தலில்தான் அவளைத் தேடி வந்தார்.

"ஜமீலாம்மா, ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் நான் வெச்ச கொழாயை மறுபடியும் கழட்டச் சொல்லிட்டான். போட்டோக்கு நல்லா இல்லியாம். நாளைக்கு இன்ஜின் ஓடிக்கினு இருக்கும், ஆனா உள்ள யாரும் ஏற மாட்டாங்க."

"ஏறுவாங்க வேதாண்ணே" என்றாள் ஜமீலா. "வெளிய நின்னு இன்ஜினை ஆஃப் பண்ண முடியுமா?"

"பின்னாடி வயர் கீது. புடுங்கினா நின்னுடும்."

"நான் சொல்றப்ப புடுங்கு. அதுக்கு முன்னாடி கைய வெக்காத."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு முற்றத்தில் கூட்டம். கேமராக்களுக்கு நடுவே பாரத் புதுச் சட்டையில் நின்றிருந்தான். தான் தைத்த முகமூடியைத் தட்டில் ஏந்திக்கொண்டு ஜமீலா நேராக அவன் முன்னால் போனாள்.

"சார், ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணீங்களே. இத்த மாட்டிக்கினு நீங்களே ஒரு இருவது நிமிஷம் உள்ள குந்துனா ஜனங்க அசந்துடுவாங்க. உள்ள மனுசன் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நாலு செல்போன் அவன் முகத்துக்கு நேரே நீண்டது. பாரத் ஒரு நொடி ஓடுகிற இன்ஜினைப் பார்த்தான். பயந்திருந்தால் தப்பித்திருப்பான். பெருமை யாரை விட்டது?

"ஏன் முடியாது? லைவ் போடுங்க" என்றபடி முகமூடியை மாட்டிக்கொண்டு ஏறினான். வேதநாயகம் வழக்கம்போலக் கொக்கியைப் போட்டார். ஜமீலா கொக்கியின் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நிமிஷம் வரை துப்பாக்கி ஓட்டை வழியாகக் கையசைத்தான். பன்னிரண்டில் கை உள்ளே போனது. பதினாலில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் டாங்கிக்குள் இரைச்சலில் பேச முடியாமல் இரும்பில் தட்டித்தான் சைகை காட்டுவார்கள் என்று அவனே பேட்டியில் சொல்லியிருந்ததால், கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

வேதநாயகம் பின்பக்கத்து வயரைப் பிடித்துக்கொண்டார். "போதும்மா. தட்றான் பாரு."

"அவரும்தான் தட்டுனாரு."

மறுபடி தட்டினான். ஜமீலாவுக்கு அந்தச் சத்தம் இனித்தது, பொய் சொல்வானேன். இருபது வரைக்கும் விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் தட்டல் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது, பிறகு நின்றது. செத்துப்போனவன் தள்ளாட மாட்டான். அவளுக்கு அவன் தள்ளாட வேண்டும்.

"புடுங்கு" என்று சொல்லிக் கொக்கியைத் தட்டிவிட்டாள்.

இன்ஜின் நின்றது. புகை முதலில் வந்தது, பின்னால் பாரத் வந்தான். முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு இரண்டடி வைத்தவன், காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் சாய்ந்து, புதுச் சட்டையிலேயே வாந்தி எடுத்தான். ஏதோ சொல்லப் பார்த்தான், நாக்கு குழறியது. விழுந்தவனை வேதநாயகம் தாங்கிப் பிடித்துத் தரையில் உட்கார வைத்தார். கூட்டத்தில் எவனோ சிரித்தான்: "காலையிலேயே ஏத்திக்கினு வந்துட்டாரு போல."

ஜமீலா அதற்காகத்தான் காத்திருந்தாள். எல்லாக் கேமராவும் பார்க்கக் குனிந்து, பாரத்தின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அவன் வாயருகே மூக்கை வைத்து நிதானமாக முகர்ந்தாள்.

"இவுரு குடிக்கல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெறும் பொகை. ஏழு மாசம் முன்னாடி இதே டேங்க்ல என் புருஷன் இருவது நிமிஷம் இருந்தாரு. இவுரு கொழாயை அறுக்கச் சொன்னாரு. வெளிய வந்து வுழுந்தவரக் குடிகாரன்னாரு. தெரிஞ்சே சொன்னாரு. பேட்டியைப் போட்டுக் கேளுங்க."

"ஆமா, கொழாயை அறுத்தது நான்தான், இவரு சொல்லித்தான்" என்றார் வேதநாயகம். அதற்குள் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது சமத் கட்டிலில் செல்போனை மார்பில் கவிழ்த்து வைத்திருந்தார். லைவில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவள் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, வழக்கம்போலக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன நிமிஷம்?" என்றார்.

"பதினேழு."

சமத் சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பினார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் மூச்சு அவள் முகத்தில் நேராகப் பட்டது.

"மூணு கொறையுது ஜமீலா" என்றார்.