தலைமறைவில் ஒரு பச்சைக் கார்

ஹரிபிரசாத் முதலாளியைப் பிடிக்க இரண்டு தனிப்படைகள் புறப்பட்டுப் போயிருந்தன. ஒன்று பெங்களூருக்கு, இன்னொன்று கொச்சிக்கு. முதலாளியோ காரியாபட்டி ரோட்டில் இருக்கும் தன் தோட்ட வீட்டின் பின்பக்கக் கொட்டகையில், அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து ஒரு காரின் மட்கார்டை வாட்டர் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தலைமறைவு என்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை போலும். காலை ஆறரைக்குக் காபி, எட்டரைக்கு நெய் ரோஸ்ட், பதினோரு மணிக்கு இளநீர். எல்லாவற்றையும் அவர் மனைவி பிரீத்தியே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேலைக்காரர்களுக்குத் தெரியக் கூடாதாம். வேலைக்காரர்கள்தான் தோசை சுட்டார்கள் என்பது வேறு விஷயம். அவருக்கு இருந்த ஒரே துன்பம், காரைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்ப முடியாததுதான். போனை வக்கீல் சோலைமலை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கார் முன்பு ஊட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கோழிகள் அடையும் கூடாகக் கிடந்தது. வயது அறுபத்தைந்து. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது என்பார்கள். எட்டு மாதத்துக்கு முன் லாரியில் வந்து இறங்கியபோது, முதலாளி அதைச் சுற்றி மூன்று முறை நடந்துவிட்டுச் சொன்னார்:

"பாலகுரு, இது வண்டி இல்லப்பா. ஒரு ஆத்மா."

"ஆமா முதலாளி," என்றான் பாலகுரு. ஆத்மாவின் அடித்தட்டு துருவேறி உதிர்ந்து, உள்ளே காலை வைத்தால் தரையில் நின்றது.

பாலகுரு டிங்கர். வயது நாற்பத்தெட்டு. நசுங்கிய தகரத்தை உள்பக்கமாகத் தட்டித் தட்டி, பிறந்தபோது இருந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். பெயிண்டும் அவனே அடிப்பான். எட்டு மாதமாக இந்தக் கொட்டகைதான் அவனுக்குப் பட்டறை. காலையில் எம். புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவான், இருட்டுமுன் போய்விடுவான். முதலாளி பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார். பிறகு நண்பர்களிடம், "நானே என் கையால செய்றேன்," என்பார்.

பன்னிரண்டு நாளைக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் மூன்று அறைகள் தரையோடு போயின. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினோரு பேர் உட்கார்ந்து வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே ஏழு பேர். பிறகு ஆஸ்பத்திரியில் ஒருவர். எப்.ஐ.ஆரில் முதல் பெயர் ஹரிபிரசாத். இரண்டாவது பெயர், அறைகளைச் சோதித்துத் திறந்துவிட வேண்டிய ஃபோர்மேன், பாலகுரு.

பாலகுரு அந்தக் கம்பெனிக்குள் கடைசியாகக் கால் வைத்துப் பதினெட்டு வருஷமாகிறது. இளவட்டமாக இருந்தபோது ஃபோர்மேன் பரீட்சை எழுதித் தேறினான். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் டிங்கர் வேலைக்கு வந்துவிட்டான். சர்டிபிகேட் மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் மகள் ஓவியாவுக்கு இன்ஜினியரிங் சீட்டுக் கேட்டு முதலாளியிடம் போய் நின்றான். அவர் அந்தக் கல்லூரியில் டிரஸ்டி. "சீட்டுத் தாரேன். உன் சர்டிபிகேட்டைக் கொடு. சும்மா பேருக்கு," என்றார். சும்மா பேருக்குத்தானே என்று கொடுத்தான். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மேனேஜர் ஒரு ரிஜிஸ்தரைக் கொண்டுவருவார். 'காலை எட்டு மணிக்கு எல்லா அறைகளையும் பார்வையிட்டேன். ஆட்களும் மருந்தும் அளவோடு உள்ளன' என்று அச்சடித்த முப்பது வரிகள். முப்பது வரிக்கும் கீழே பாலகுரு ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவான். வரப்போகிற நாட்களுக்கெல்லாம் அவன் முன்கூட்டியே சாட்சி.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அவன் இந்தக் கொட்டகையில் வலப்பக்கக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவர் முதலாளி. ஆக, அவன் சம்பவ இடத்தில் இல்லை என்பதற்கு ஒரே ஒரு சாட்சிதான். அந்தச் சாட்சியைத் தேடித்தான் தனிப்படைகள் கொச்சியில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

"நீயும் இங்கனயே இருந்துரு," என்று மட்கார்டைத் தேய்த்துக்கொண்டே முதலாளி சொன்னார். "உன் பேர்ல ஒரு தூசி படாம நான் பாத்துக்கிடுதேன்."

பாலகுருவுக்குக் கண் கலங்கியது. செத்தவர்களில் ஐந்து பேர் அவன் தெருக்காரர்கள். எதிர்வீட்டுப் பத்திரகாளி தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தாள். ராத்திரி படுத்தால் முப்பது வரியும் கண்ணுக்குள் ஓடின. அப்படி ஒரு நேரத்தில் யாராவது 'பாத்துக்கிடுதேன்' என்று சொன்னால் யாருக்கும் கண் கலங்கத்தான் செய்யும்.

அடுத்த நாள் மத்தியானம் வக்கீல் சோலைமலை வந்தார். பாலகுரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, புதிதாகப் பற்றவைத்த அடித்தட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தான். கீழே ஓர் ஆள் கிடக்கிறான் என்பதைக் கவனிக்கும் பழக்கம் முதலாளி, வக்கீல் இருவருக்குமே இல்லை. காரில் ஏறி உட்கார்ந்தார்கள். தட்டு அவன் மூக்குவரை இறங்கியது.

"சீட்டு பஞ்சு மாதிரி இருக்கே அண்ணாச்சி."

"அசல் தோலு. சென்னையிலருந்து வரவழைச்சது. தையலைப் பாருங்க, அங்குலத்துக்கு ஆறு. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

"சரி, விஷயத்துக்கு வருவோம். முன்ஜாமீன் மனு சீக்கிரம் எடுத்துக்கிடுவாக. அதுக்கு முன்னால ஒரு ஆள் உள்ள இருக்கணும். ஃபோர்மேன் கைதுன்னு பேப்பர்ல வந்துட்டா, பொறுப்பானவன் ஆப்ட்டுட்டான்னு நாம வாதாடலாம். ஆளு கைவசமே இருக்கான். இன்னைக்கே அனுப்பிருவமா?"

முதலாளி சற்று யோசித்தார். யோசனையின் பாரம் பாலகுருவின் மூக்கில் தெரிந்தது.

"பானெட் இன்னும் முடியலயே வக்கீலே."

"எட்டு பேரு செத்திருக்கு அண்ணாச்சி."

"அதுக்கு? பாதியில வேற ஆளு கை வச்சா ஷேடு மாறிரும். பெயிண்ட் முடியட்டும். மறுநாளே அனுப்பிருதேன்."

வக்கீல் போன பிறகும் பாலகுரு வெளியே வரவில்லை. கறுப்புப் பெயிண்ட் ஒரு சொட்டு கழுத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை. அவனை அவர் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை, சேமித்து வைத்திருக்கிறார். கார் முடிகிற அன்றைக்கு அவனும் முடிவான்.

அப்படியானால் கார் முடியக் கூடாது.

அதன்பின் பத்து நாள் பாலகுரு செய்த வேலை, அவன் வாழ்நாளிலேயே மிக நுட்பமானது. பெயிண்ட் பீய்ச்சும் கம்ப்ரசர் குழாயின் வாயில் ஊசி முனையளவு எண்ணெய் தடவினான். பச்சைப் பெயிண்ட் அடித்துக் காய்ந்ததும் பானெட் முழுக்கக் குட்டிக் குட்டியாகக் குழிகள் விழுந்திருந்தன. முதலாளி டார்ச்சோடு குனிந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! உன் கண்ணுக்குத் தெரியல. எனக்குத் தெரியுது."

"உங்க கண்ணு யாருக்கு வரும் முதலாளி."

"தேய்ச்சிரு. முதல்லருந்து அடி. அவசரமே இல்ல."

இரண்டு நாள் தேய்த்தான். மறுபடி அடித்தான். இந்த முறை டிக்கியில் தூசி விழுந்திருந்தது. கொட்டகை ஓரத்துத் தூசியைப் பாலகுருவே ஊதிவிட்டிருந்தான். அடுத்து இடப்பக்க சீட்டைப் பிரித்துத் தைத்தபோது அங்குலத்துக்கு ஏழு தையல் போட்டான். முதலாளி ஸ்கேல் வைத்து எண்ணினார். எண்ணிவிட்டு, நாட்டில் வேலைக்காரர்களுக்குச் சிரத்தை குறைந்துவிட்டது பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ஓர் அங்குலத்தில் ஒரு தையல் கூடியதைக் கண்டுபிடித்தவர், நாலு பேர் அறையில் பதினோரு பேர் இருந்ததை மூன்று வருஷமாக எண்ணிப் பார்க்கவில்லை. இதைச் சொல்லப் பாலகுருவின் நாக்கு துடித்தது. ஆனால் அவனும் எண்ணிப் பார்த்ததாகத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

வக்கீல் தினமும் ஆள் அனுப்பினார். முதலாளி தினமும், "நல்ல காரியத்தை அவசரப்படுத்தக் கூடாது," என்று சொல்லி அனுப்பினார். ஒரு மனிதனுடைய பெருமைக்குள் இன்னொரு மனிதன் இவ்வளவு நாள் ஒளிந்துகொள்ள முடியும் என்று பாலகுரு நினைத்ததில்லை. ஆனால் எல்லாப் பெருமைக்கும் ஒரு கெடு உண்டு. பதினோராம் நாள் வக்கீலே நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் செத்தவர்களின் குடும்பங்கள் உட்கார்ந்துவிட்டன. இனிமேல் யாரையாவது காட்டியே ஆக வேண்டும்.

"நாளைக்குக் கடைசிப் பூச்சு, அந்தக் கிளியர் கோட்டை அடிச்சு முடிச்சிரு," என்றார் முதலாளி. இந்த முறை அவரே நின்று குழாயைத் துடைத்தார், தரைக்குத் தண்ணீர் தெளித்தார்.

மறுநாள் காலை பாலகுரு பானெட்டின் இடப்பக்கத்தை அடித்து முடித்திருந்தான். பச்சை, மழை பெய்து ஓய்ந்த கண்மாய்க் கரை போல மினுங்கியது. அவனே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து பார்த்தான். அப்போது கொட்டகை வாசலில் அவன் மனைவி அய்யம்மாள் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை.

"பத்திரகாளி போயிட்டா," என்றாள்.

பாலகுரு ஸ்ப்ரே கன்னைத் தாழ்த்தினான். "எப்ப?"

"விடியக்காலம். முந்தாநாளு மாஜிஸ்ட்ரேட்டு வந்து கேட்டாகளாம், ஃபோர்மேன் காலையில வந்து அறையைப் பாத்தாரான்னு. அப்படி ஒரு ஆளை எங்க கம்பெனியில நாங்க கண்டதே இல்லைன்னு சொல்லியிருக்கா." அய்யம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எதிர்வீட்டுக்காரி. தெனமும் உங்க மூஞ்சியில முழிச்சவ."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "பாவம்தான். பாலகுரு, கோட் காயுது."

அய்யம்மாள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "குழாயடிக்கு நான் போனா அம்புட்டுப் பேரும் குடத்தைத் தூக்கிட்டுப் போயிருதாக. ஓவியா காலேஜ் பக்கமே போமாட்டேங்கா. அந்தப் படிப்பு எனக்கு வேணாங்கா. இந்தாங்க, ரெண்டு வேட்டி சட்டை இருக்கு. பரமக்குடிக்கு எந்தம்பி வீட்டுக்குப் போயிருங்க. நாலு மாசம் கழிச்சு வாங்க."

பாலகுரு பையை வாங்கவில்லை. கன்னை ஆணியில் மாட்டினான். கம்ப்ரசரை நிறுத்தினான். திடீரென்று கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

"நீ வீட்டுக்குப் போ. பத்திரகாளி புருசன்கிட்டச் சொல்லு, ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போட்டது நான்தான்னு. பாக்காமப் போட்டேன்னு சொல்லு. நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"இவுக எப்படியும் என்னைக் கொடுக்கத்தான் போறாக. இந்த வண்டி முடிஞ்சதும். நானாப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுதேன்."

அவன் வாசலைத் தாண்டிவிட்டான். அப்போதுதான் முதலாளிக்கு விளங்கியது.

"ஏலே! ஈரம் காயுறதுக்குள்ள மறுபாதி அடிக்கணும்லே! நடுவுல கோடு விழுந்திரும்! ஏலே பாலகுரு!"

பாலகுரு கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கினான். முதலாளியும் பின்னால் ஓடிவந்தார். இருபத்து நான்கு நாள் தலைமறைவாக இருந்தவர், அரைக்கால் சட்டையும் கையில் வாட்டர் பேப்பருமாக, பட்டப்பகலில் காரியாபட்டி ரோட்டின் நடுவில் நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். டீக்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, சவுக்கியமா இருக்கீகளா?" என்றார். யாரும் ஆச்சரியப்படவில்லை.

தலைமறைவான முதலாளி வீட்டுக்கு வந்தால் பிடிப்பதற்காக அந்த டீக்கடையில் போட்டிருந்த ஏட்டு செல்லப்பாண்டி, வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன அண்ணாச்சி நீங்க, வெளிய வந்துக்கிட்டு? கண்ணுல பட்டா நான் பிடிக்கணும்ல. உள்ள போங்க."

"இவன் போறான்யா. பாதியில போறான்."

"நான் ஃபோர்மேன் பாலகுரு," என்றான் பாலகுரு. "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

செல்லப்பாண்டி முதலாளியைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார்.

"உள்ள போனா எப்பய்யா ஜாமீன்ல வருவான்?"

"மூணு மாசமாவது ஆகும் அண்ணாச்சி."

"மூணு மாசமா? அதுக்குள்ள தூசி படிஞ்சு போயிருமே," என்றார் முதலாளி. உண்மையிலேயே அவருக்கு அழுகை வந்தது.

செல்லப்பாண்டி பைக்கை உதைத்தார். பாலகுரு பின்னால் ஏறிக்கொண்டான். கேட்டருகே அய்யம்மாள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கையசைக்கவும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் பாலகுரு கேட்டான்: "ஏட்டய்யா, நானா வந்தேன்னு எழுதுவீகல்ல?"

"எழுதுறது என்னத்த? போன வாரமே எழுதியாச்சு. பெங்களூர் பஸ் ஸ்டாண்டுல தப்பி ஓடப் பாத்தே, தனிப்படை சுத்தி வளைச்சுப் பிடிச்சது. தேதி மட்டும்தான் பாக்கி."

"நான் பெங்களூரைப் பாத்ததே இல்லயே."

"இத்தன வருசமா கம்பெனிப் பக்கமுந்தான் போனதில்ல. அங்க ஃபோர்மேனா இருக்கலயா?"

விருதுநகருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. செல்லப்பாண்டி பைக்கை அணைத்து ஸ்டாண்டு போட்டுவிட்டு, பெட்டிக் கடையில் வெற்றிலை வாங்கப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரக்கு ரயில் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு சந்து, அதன் முனையில் பஸ் போகும் ரோடு, பரமக்குடிக்கும் அதிலேயே போகலாம்.

பாலகுரு சந்தைப் பார்த்தான். இறங்கி ஓடினால், அவர்கள் எழுதி வைத்திருப்பது உண்மையாகிவிடும். அவன் பைக்கின் பின் சீட்டிலேயே, ஏட்டு வரும்வரை, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.